கொடுத்து வைத்த கள்ளி

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி மலை ரயிலில் ஏறியபோது என் மடியில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. மூடியில் பேனா முனையால் குத்திய பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள். எதிர் இருக்கையில் இருந்த சிறுவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ளே கோழிக்குஞ்சா, அத்தை?" என்று கேட்டான். திறந்து காட்டினேன். பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றிய ஐந்து உருண்டைகள். எலுமிச்சம்பழ அளவு, பச்சை நிறம், வரிவரியாகப் புடைப்பு, புடைப்பெல்லாம் முள். மண்ணும் இல்லை, ஈரமும் இல்லை, சொல்லிக்கொள்ளும்படி வேரும் இல்லை.

"செத்துப்போச்சா?" என்றான்.

"இல்லப்பா. தாயிடமிருந்து பிச்ச காயம் ஆறிக்கிட்டிருக்கு. ஆறின பிறகுதான் மண்ணு."

அந்த ஐந்தும் தாய்வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. ஊட்டியை அடுத்த பெர்ன்ஹில்லில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி, இருபது வருடங்களுக்கு முன்னால் அங்கிருந்து நான் ஊர் திரும்பும் அன்று மூன்று கள்ளிக் குட்டிகளைக் கையில் தந்தாள். எக்கினாப்சிஸ் என்ற இனம். தென் அமெரிக்காவின் பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பக்கத்துப் புல்வெளிகளுக்குச் சொந்தமானது. இரவில் நீண்ட குழல் நீட்டி வெள்ளையும் வெளிறிய ரோஜா நிறமுமாகப் பூத்து, மறுநாளே வாடிவிடும். சித்தி வீட்டுத் திண்ணையில் ஒவ்வொரு சித்திரையிலும் அது பூத்தது. கோவில்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் ஒருமுறைகூடப் பூத்ததில்லை. இந்தக் கள்ளி மொட்டு வைக்கவேண்டுமானால் குளிர்காலத்தில் குளிர்ந்தும் காய்ந்தும் சில வாரம் ஓய்ந்து கிடக்க வேண்டும். எங்கள் கரிசல் பூமியில் அந்த ஓய்வுக்கு வழியில்லை. ஆனால் குட்டி போடுவதை மட்டும் அது நிறுத்தவே இல்லை. மூன்று பதினான்கு தொட்டிகளாகி, அக்கம்பக்கத்துக்கும் பள்ளிக்கூட டீச்சர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

போன மார்கழியில் சித்தி போன் செய்தாள். "உறைபனி பிடிச்சுக்கிச்சுட்டி. தொட்டா கூழா இருக்கு. ஒண்ணுகூட மிஞ்சலை. உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. மாசி பிறக்கட்டும், பனி இறங்கட்டும் என்று காத்திருந்து புறப்பட்டேன்.

கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பட்டை தொடங்குகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறும் செங்குத்து. நாற்பத்தாறு கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் பயணம் என்பதால், ஜன்னலோரத்தில் இருப்பவர்களுக்குச் செடிகளை அடையாளம் காண நேரம் கிடைக்கிறது. அடிவாரத்துக் காய்ந்த சரிவுகளில் சப்பாத்திக்கள்ளிப் புதர்கள் தெரிந்தன. நாகதாளி என்றும் சொல்வோம். சின்ன வயதில் அதன் சிவந்த பழத்தை மண்ணில் புரட்டித் தொண்டை முள்ளை எடுத்துவிட்டுத் தின்று, நாக்கெல்லாம் சிவக்க வீட்டுக்குப் போய் அடி வாங்கியிருக்கிறோம்.

நம் மண்ணிலேயே முளைத்ததுபோல இருந்தாலும் அதுவும் கடல் கடந்து வந்ததுதான். பழந்தமிழர் பாடிய கள்ளி வேறு. அது பால் வடியும் கள்ளி. நம் வறண்ட நிலத்துக்கே உரியது. கேக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுக்க அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். சப்பாத்திக்கள்ளி இங்கே பரவியதில் சாயத்துக்குப் பங்கு உண்டு. அந்தக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியை நசுக்கினால் ரத்தச் சிவப்புச் சாயம் கிடைக்கும். ஸ்பானியர்கள் கையில் இருந்த அந்த வியாபாரத்தைப் பிடிக்க ஆசைப்பட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கொண்டுவந்தார். வந்தது நல்ல சாயம் தரும் பூச்சி அல்ல, அதன் காட்டு உறவு. சாயத் தொழில் நிலைக்கவில்லை. கள்ளி நிலைத்தது. ஒரு வகைக் கள்ளியை அந்தப் பூச்சியே தின்று தீர்த்தது. மற்றொரு வகை அதற்கு அசையாமல் தென்னிந்தியாவின் மேய்ச்சல் நிலங்களையும் வயல் ஓரங்களையும் அடைத்துக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து அதற்கென்றே வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவந்து விட்ட பிறகு, சில ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் விடுபட்டது.

அவ்வளவு நிலத்தை அது பிடித்தது எப்படி? வெட்டி எறிந்த ஒவ்வொரு மடலும், எறிந்த இடத்தில் காய்ந்து, காய்ந்த வாயிலிருந்து வேர் விட்டது. மாடு மிதித்து உடைத்த துண்டும் அப்படியே. என் மடியிலிருந்த ஐந்து குட்டிகளை உயிரோடு வைத்திருந்ததும் அதே குணம்தான். அந்தக் குணத்தைக் கையாள்பவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது என்ற எண்ணம் மலையேறும் வழியெல்லாம் கூடவே வந்தது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டினார்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் கடந்து, பெயர்ப் பலகையில் பெர்ன்ஹில் என்று பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டேன். 1908-இல் ரயில் பாதை முதலில் இதுவரைதான் வந்தது. அடுத்த மாதம்தான் ஊட்டிக்கு நீண்டது. ஊட்டியில் இறங்கி ஆட்டோவில் திரும்பி வந்தேன். மைசூர் மகாராஜாக்களின் கோடை அரண்மனையும், அதைச் சுற்றிய உயர்ந்த மரங்களும், சரிவில் அடுக்கடுக்காகக் கேரட் பாத்திகளும், கற்பூர மரத்தின் வாசனையும். நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923-இல் நீலகிரியில் தொடங்கிய நாராயண குருகுலம் வேரூன்றியது இந்தப் பகுதியில்தான். அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதி 1999-இல் மறையும்வரை வாழ்ந்ததும் இங்கேதான். நாராயண குருவின் வர்க்கலையிலிருந்து ஒரு கிளை வந்து இந்தக் குளிரில் பிடித்து, தமிழிலும் மலையாளத்திலும் எத்தனையோ பேருக்கு நிழல் தந்திருக்கிறது.

சித்தி வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்க்கும் முன் பெட்டியைத்தான் பார்த்தாள்.

செத்த செடியின் தொட்டியை அவள் இன்னும் எறியவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். களிபோல் பிசுபிசுத்தது. திண்ணையில் இடம் போதவில்லை என்று தொட்டியைக் கூரையின் தண்ணீர் சொட்டும் இடத்துக்குக் கீழே நகர்த்தியிருக்கிறாள். காய்ந்த மண்ணில் இருந்திருந்தால் இந்த இனம் லேசான உறைபனியைத் தாங்கியிருக்கும். உடம்பெல்லாம் தண்ணீரைக் குடித்து உப்பி நின்ற நேரத்தில் பனி விழுந்ததால், உள்ளே நீர் உறைந்து திசுவைக் கிழித்துவிட்டது. இருபது வருடம் பூத்த செடியைக் கொன்றது குளிரும் ஈரமும் சேர்ந்துதான். சித்தி ஒன்றும் பேசாமல் அந்த மண்ணைக் கொய்யா மரத்தடியில் கொட்டினாள்.

பின்கட்டில் இன்னொரு நோயாளி இருந்தது. இடுப்புயரத் தூண் கள்ளி. அடிப்பக்கம் பழுப்பேறி அமுங்கியது. மேலே பச்சையாக விறைத்து நின்றது. "இதையாவது காப்பாத்தணும். அவளைக் கூட்டிட்டு வரேன்" என்று சித்தி கீழ்வீட்டு அக்காவை அழைத்து வந்தாள்.

அக்காவின் அப்பா அம்மா இலங்கை மலையகத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நீலகிரிக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அக்கா இருபது வருடம் தேயிலை நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவர். அவர் கையில் கத்தியைப் பார்த்தபோது, இந்த மலையே துண்டு நட்டு வளர்த்த மலை என்பது புரிந்தது. இன்று நடும் தேயிலையில் பெரும்பகுதி விதையிலிருந்து வருவதில்லை. நல்ல தாய்ச்செடியின் கிளையை, ஓர் இலையும் ஒரு கணுவும் இருக்கும்படி விரல் நீளத்துக்கும் குறைவாக வெட்டி, சின்னச் சின்ன பாலிதீன் உறையில் நட்டு வேர் பிடிக்க வைக்கிறார்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848 முதல் உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர், ஆண்டிஸ் மலையிலிருந்து வந்த சின்கோனாக் கன்றுகளைப் பெருக்கியதும் துண்டும் பதியமும் போட்டுத்தான். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா இங்கிருந்து அப்படித்தான் கிடைத்தது. உருளைக்கிழங்கும் அதே ஆண்டிஸ் வரவு. அதுவும் விதையால் அல்ல, கண்ணால்தான் முளைக்கிறது.

"தேயிலைத் துண்டுக்கும் இதுக்கும் நேர் எதிருங்கக்கா" என்றார் அக்கா. அவர் என்னைவிட மூத்தவர்; ஆனாலும் விருந்தாளியை அப்படித்தான் அழைத்தார். "அங்கே வெட்டினதும் தண்ணீல போடணும். ஒரு நிமிஷம் வாடவிட்டா போச்சு. மேலே பாலிதீன் கூடாரம் போட்டு ஈரத்தைப் பிடிச்சு வைப்போம். மூணு மாசத்துல வேர் வரும். இதை வெட்டினதும் தண்ணி காட்டினா அழுகிடும். நான் முதல் ரெண்டு வருஷம் வச்சதெல்லாம் அழுகிச்சு. பழகின கை சும்மா இருக்காதே."

தேயிலை இலை வழியே நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் சுற்றிலும் ஈரம் வேண்டும். கள்ளி பகலில் தன் துளைகளை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில்தான் மூச்சு விடுகிறது. தண்ணீர் அதன் உடம்புக்குள்ளேயே சேமிப்பில் இருக்கிறது. அதற்கு வேண்டியது வெளியிலிருந்து கிருமி நுழையாதபடி வெட்டுவாய் மூடுவதுதான். காய்ந்து தடித்த தோல் ஒன்று அங்கே உருவாக வேண்டும்.

அக்கா கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தார். பழுப்புக்கு நாலு விரல் மேலே வெட்டினார். வெட்டிய முகத்தை எங்களுக்குக் காட்டினார். நடுவில் வட்டமாக நரம்பு வளையம். அதில் ஒரு பழுப்புப் புள்ளி. "இது இருந்தா உள்ளே ஏறிக்கிட்டே போகும்." மறுபடி துடைத்து, மறுபடி ஒரு வில்லை. இன்னும் புள்ளி. நாலாவது வில்லையில்தான் சுத்தமான வெள்ளை தெரிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க அவர் மறக்கவே இல்லை. பிறகு அடிமுனையின் ஓரத்தைப் பென்சில் சீவுவதுபோல் சரிவாகச் செதுக்கினார். காயும்போது நடுச்சதை உள்வாங்கும். தோல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் வேர் மண்ணைத் தொடாது. வேர் புறப்படுவது அந்த நடு வளையத்திலிருந்துதான். கடைசியில் அடுப்புச் சாம்பலை லேசாகத் தடவி, துண்டை ஒரு காலித் தொட்டிக்குள் நிமிர்த்தி நிறுத்தினார். படுக்கப் போட்டு வைத்தால் நுனி வெளிச்சத்தைத் தேடி வளைந்துவிடும்.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

"கீழ்நாட்டுல பத்து நாள் போதும்னு சொல்வாங்க. இங்கே மூணு வாரம். மூடுபனி இருந்தா இன்னும் ஒரு வாரம்."

அறுத்த வில்லைகளை அவர் குப்பையில் போடவில்லை. அழுகியதையும் அழுகாததையும் சேர்த்து அடுப்பில் போட்டார். வேலிக்கு அப்பால் சோலைக்காடு தொடங்குகிறது. உண்ணிச்செடியும் சீகை மரமும் ஏற்கெனவே மலையைப் பிடித்திருப்பதை அவர் தினமும் பார்க்கிறார். ரயிலில் எனக்குத் தோன்றியதை அவர் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

வெந்நீரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயுமாக உட்கார்ந்தபோது, எனக்குத் தெரிந்த ஒன்றை அவரிடம் சொன்னேன். கேக்டஸ் குடும்பத்தில் ஒரே ஓர் இனம்தான் அமெரிக்காவுக்கு வெளியே தானாகவே காட்டில் வளர்கிறது. ரிப்சாலிஸ் என்று பெயர். முள் இல்லை, நூல் கொத்துபோல் மரக்கிளையில் தொங்கும். ஆப்பிரிக்காவிலும் இலங்கைக் காடுகளிலும் இருக்கிறது. அக்கா சற்று நேரம் பேசாமலிருந்தார். "எங்க அப்பா ஊர்லயா? அப்ப அதையும் ஒரு துண்டு கொண்டுவந்திருக்கலாம்" என்றார். பெட்டி படுக்கையோடு கப்பலேறியவர்கள் என்னென்ன கொண்டுவந்தார்கள், எதை விட்டு வந்தார்கள் என்று அதன் பிறகு அவரே சொல்லத் தொடங்கினார். மாலை வரை பேச்சு அதுதான்.

மறுநாள் ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். கண்ணாடி வீட்டில் கள்ளிகளை வெறும் சரளைமேல் உட்கார்த்தி வைத்திருந்ததைச் சித்திக்குக் காட்டினேன். மழை மேலே படாத கூரை, பக்கத்தில் காற்று, கீழே வடிகால். ஊட்டியில் கள்ளி வளர்ப்பவருக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. வெளியே கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாக உருண்டை வைத்த கள்ளிகளைச் சுற்றுலாப் பயணிகள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மா, "இந்தச் சிவப்புக் குட்டியைப் பிச்சு வச்சா வருமா?" என்று கேட்டார். வராது. அந்த உருண்டையில் பச்சையம் இல்லை; தானாகச் சமைத்து உண்ண அதற்கு முடியாது. கீழே இருக்கும் பச்சைத் தண்டு டிராகன் பழக் கொடியின் இனம்; அதில் ஒட்டுக் கட்டியதால்தான் உயிரோடு இருக்கிறது. அந்தக் குட்டியை இன்னொரு பச்சைத் தண்டின்மேல்தான் ஒட்ட முடியும் என்று அவரிடம் சொன்னேன். ஆசையாய் வாங்கிப்போய் மண்ணில் புதைத்துவிட்டு, தன் கை ராசியில்லாத கை என்று அவர் நினைத்துக்கொள்ளக் கூடாதே.

மூன்றாம் நாள் குட்டிகளை நட்டோம். தாயிடமிருந்து எடுத்தது பன்னிரண்டு நாளுக்கு முன்னால். எடுக்கும் பக்குவத்தையும் சொல்லிவிடுகிறேன். கடலை அளவில் இருக்கும்போதே பறித்தால் சேமிப்புப் போதாமல் சுருங்கிவிடும். எலுமிச்சை அளவாகட்டும். மடித்த செய்தித்தாளை அதைச் சுற்றிக் கொடுத்து மெல்லத் திருகினால், கழுத்திலிருந்து தானாகக் கழன்றுவரும். இழுக்கக் கூடாது. சிலவற்றில் அடியில் வேர் முனை ஏற்கெனவே பருபோல் எட்டிப் பார்க்கும். இப்போது ஐந்தில் மூன்றுக்கு அப்படி இருந்தது. அடிவாயை விரலால் தொட்டால் பழைய தோல்போலச் சொரசொரத்தது. அதுதான் அடையாளம்.

மண் கலக்கும் வேலையைச் சித்தி எடுத்துக்கொண்டாள். தோட்டத்துச் செம்மண் ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணலும் உடைத்த செங்கல் சில்லும் இரண்டு பங்கு. கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். பெரிய தொட்டி வேண்டாம் என்றேன். வேர் இல்லாத செடியைச் சுற்றி அதிக மண் இருந்தால் அதிக ஈரம் தங்கும். தேநீர் விற்கும் மண் குவளை அளவுத் தொட்டிகள் ஐந்து. குட்டியை ஆழப் புதைக்கவில்லை. மண்ணின்மேல் உட்கார்த்தி, சாயாமலிருக்க மூன்று சரளைக்கல்லை முட்டுக்கொடுத்தோம்.

சித்தியின் கை பூவாளியைத் தேடிப் போனது. நட்டதும் தண்ணீர் விடுவது அவள் பிறவிப் பழக்கம்.

"ஒரு வாரம் ஆகட்டும் சித்தி."

"பச்சைப்பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணிகூடவா குடுக்கக் கூடாது?"

"வயிறு நிறைய வச்சிருக்கு. தாகம் எடுத்தாத்தான் வேரை நீட்டும்."

பூவாளியை வைத்துவிட்டாள். சமையலறை ஜன்னலுக்குள், விறகடுப்பின் சூடு தொடும் பலகையில் ஐந்தையும் வரிசையாக வைத்தோம். வேர் விட வெதுவெதுப்பு வேண்டும். பெர்ன்ஹில் பகலில் அது கிடைத்தாலும் இரவில் கிடைக்காது. ஒரு வாரம் கழித்து மண் நனையுமளவு கொஞ்சம். பிறகு முழுக்கக் காய்ந்தபின் மறுபடி கொஞ்சம். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. உச்சியில் புது முள் வெளிர் நிறத்தில் தோன்றினால் கீழே வேலை நடக்கிறது என்று பொருள். ஆனியில் தென்மேற்குப் பருவமழை வருமுன் அவை காலூன்றிவிட வேண்டும். மாசியில் வந்தது அதற்காகத்தான்.

"அஞ்சும் எனக்கு வேண்டாம்" என்றாள் சித்தி. "ஒண்ணு கீழ்வீட்டுக்கு. ஒண்ணு மேல்வீட்டு ஹெத்தைக்கு. ஒரே இடத்துல வச்சுத்தானே தொலைச்சேன்." மேல்வீட்டுப் படகர் பாட்டியை அவள் அப்படித்தான் அழைக்கிறாள்.

குட்டி என்று நாம் சொன்னாலும் அது மகள் அல்ல. விதையில் பிறந்தால் தாய் ஒரு பாதி, தகப்பன் ஒரு பாதி. பக்கத்தில் கிளைத்ததைப் பிரித்து நட்டால் அது அதே செடிதான். இன்னொரு மண்ணில், இன்னொரு வீட்டில், அதே உயிர். இருபது வருடத்துக்கு முன் சித்தி என்னிடம் தந்தது அவள் செடியின் சந்ததியை அல்ல, அந்தச் செடியையே. கொடுத்ததால் அது இன்னோரிடத்தில் வைக்கப்பட்டிருந்தது. நல்லூழ் வாய்த்தவரைக் 'கொடுத்து வைத்தவர்' என்று நம் மொழி சொல்கிறது. முன்னால் கொடுத்தது பின்னால் வந்து சேரும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதன் முழுப் பொருளை அந்தச் சமையலறைப் பலகையின் முன்னால்தான் உணர்ந்தேன்.

புறப்படும் காலையில் செருப்புப் பெட்டியைத் தேடினேன். சித்தி அதை ஒளித்து வைத்திருந்தாள். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது எங்கள் குடும்ப வழக்கம். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய மூன்று தட்டையான துண்டுகள், சாண் நீளம். நள்ளிரவில் பூத்து வீடு முழுக்க மணக்கும் பிரம்ம கமலம். இலைபோலத் தெரியும் தண்டு, அதுவும் கள்ளிதான்.

"அக்கா குடுத்தா. வெட்டி மூணு நாளாச்சு. ஊருக்குப் போனதும் நட்டுடு. இது உங்க ஊர்ச் சூட்டுலயும் பூக்கும்."

பங்குனி கடைசியில் போன் வந்தது. பலகையிலிருந்த மூன்றிலும் புது முள். ஹெத்தை வீட்டுக் குட்டி ஒன்றுதான் நட்டதும் தண்ணீர் குடித்து அழுகிவிட்டதாம். "ஆனி பிறக்கிறதுக்குள்ள இன்னொண்ணு எடுத்து வை" என்றாள் சித்தி.

மாடிக்குப் போய் எலுமிச்சை அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, செய்தித்தாளைச் சுற்றி மெல்லத் திருகினேன். கழன்று வந்தது. நிழலில் காயவைத்திருக்கிறேன்.